ஹிரோஷிமாவில் ஒரு பினாங்கு மாணவர்



படிநிலை இரண்டு மாணவர்களுக்கு ஜப்பானியர் ஆட்சிக்காலம் பற்றிய பாடத்தை நடத்திக்கொண்டிருந்தபோது, பின்வரிசை மாணவன் ஒருவன் கைதூக்கினான். "ஐயா, அணுகுண்டு போட்டது நல்லதுதானே? அது விழுந்ததனால்தான் எங்கள் கொள்ளுத் தாத்தா சயாமிலிருந்து உயிரோடு திரும்பி வந்தார் என்று பாட்டி சொல்வார்" என்றான். வகுப்பு என்னையே பார்த்தது. குண்டுவீச்சு கொடுமையானது என்று ஒரே வரியில் முடித்துவிட்டு அடுத்த பக்கத்திற்குப் போயிருக்கலாம், மனம் ஒப்பவில்லை.

ஏனெனில் அப்பாட்டியின் சொல்லில் உண்மை இருக்கிறது. ஜுருவிலும் புக்கிட் மெர்தாஜத்திலும் தோட்டத்து வழிவந்த குடும்பங்களில் ஜப்பான்காரன் காலத்து நினைவு இல்லாத வீடு குறைவு. மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் வளர்த்ததும், சாக்குத் துணியை உடுத்தியதும் ஒருபுறம். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிக்கப்பட்ட 415 கிலோமீட்டர் சயாம் - பர்மா இரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து அழைத்தும் பிடித்தும் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் மறுபுறம். காலரா, மலேரியா, பட்டினி, அடி என்று அங்கே பல்லாயிரக்கணக்கானோர் மாண்டனர். போர்க்கைதிகளாக இறந்த வெள்ளையர்களுக்குக் காஞ்சனாபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம்மவர் பெரும்பாலோர்க்கு அதுவும் இல்லை. அக்கொடுமையைக் கண்டு மீண்டவர், போரை முடித்த குண்டு எதுவாயினும் அதனை வாழ்த்தியதில் வியப்பென்ன?

மேலும், பிரிட்டிஷ் படைகள் மலாயாவில் இறங்கிப் போரிடுவதற்கு ஏற்கெனவே திட்டமிட்டிருந்தன. ஜப்பான் பணியாமலிருந்தால் நம் மண்ணிலேயே மற்றுமொரு போர் நடந்திருக்கும். குண்டு மட்டுமே ஜப்பானைப் பணியவைத்ததா, ஆகஸ்டு 9-ஆம் நாள் சோவியத் படைகளும் அதன்மீது பாய்ந்ததன் விளைவா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றுவரை வாதிடுகின்றனர். அந்த விவாதத்தை மாணவர்களிடம் நான் நீட்டவில்லை. அதற்குப் பதிலாக நம் பினாங்கில் பிறந்த ஓர் இளைஞரின் கதையைச் சொன்னேன்.

அவர் பெயர் அப்துல் ரசாக் அப்துல் ஹமிட். 1925-இல் பிறந்தவர். ஆட்சிக்குட்பட்ட தென்கிழக்காசிய நாடுகளிலிருந்து தேர்ந்தெடுத்த இளைஞர்களை ஜப்பானிய அரசு தன் நாட்டிற்கு அழைத்துச் சென்று படிக்கவைத்தது. நாளை தனக்கு வேண்டிய நிர்வாகிகளை உருவாக்குவதே நோக்கம். அவ்வாறு சென்ற ஏறத்தாழ இருநூறு பேருள் ரசாக்கும் ஒருவர். 1945-இல் ஹிரோஷிமாவின் பல்கலைக்கழகத்தில் அவருடன் கிளந்தானின் நிக் யூசோப், ஜொகூரின் சையத் ஒமார், புருணையின் பெங்கிரான் யூசோப் ஆகியோரும் பயின்றனர். போரில் எப்பக்கமும் துப்பாக்கி ஏந்தாத மாணவர்கள் என்பதை நினைவிற்கொள்க.

ஆகஸ்டு 6, காலை 8.15. ரசாக் வகுப்பில் இருந்தார். குண்டு வெடித்த இடத்திற்கும் அவருக்கும் இடையே சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் தூரம். தரையிலிருந்து ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்தில் அது வெடித்தது. அதற்குள் இருந்த 64 கிலோ யுரேனியத்தில் ஒரு கிலோவுக்கும் குறைவானதே பிளவுற்றது. அதன் ஆற்றலோ 15,000 டன் வெடிமருந்துக்கு ஒப்பானது. முதலில் வெப்பம்: வெடிப்புக்கு நேர்கீழே தரை 3,000 பாகைக்கு மேல் கொதித்தது. பின்னர் அதிர்வலை: இரண்டு கிலோமீட்டர் சுற்றளவில் மரவீடுகள் சாய்ந்து, தொடர்ந்து எழுந்த தீயில் எரிந்தன. கட்டிடம் ரசாக்கின் மேல் இடிந்து விழுந்தது. இடிபாடுகளிலிருந்து வெளியே வந்தவர் கண்டது, காலையில் தாம் நடந்து வந்த நகரமன்று. மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லலாம் என்றாலும் வழியில்லை. நகரின் மருத்துவர், தாதியர்களில் பத்தில் ஒன்பது பேர் இறந்தோ காயமுற்றோ கிடந்தனர். உயிர்பிழைத்த நம் நாட்டு மாணவர்களும் பிற நாட்டு மாணவர்களும் பல்கலைக்கழகத் திடலில் தங்கி, அடிபட்ட ஜப்பானியர்க்கு உதவினார்கள்.

மூன்றாவதாகக் கதிர்வீச்சு. இதுவே பிற குண்டுகளுக்கு இல்லாத பண்பு. மாணவர் விடுதி வெடிப்பு மையத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் உட்பட்டது. சையத் ஒமார் அங்கிருந்து தப்பினார். ஆகஸ்டு இறுதியில் நண்பர்களுடன் தோக்கியோவுக்கு இரயிலேறும் அளவுக்கு அவரால் நடமாட முடிந்தது. ஆனால் கதிர்வீச்சு எலும்பு மச்சையைத் தாக்கி, இரத்த அணுக்கள் பிறக்கும் இடத்தையே அழித்துவிடும். சில நாள், சில வாரம் கழித்தே முடி உதிரும், ஈறில் இரத்தம் கசியும், தோலில் ஊதா நிறப் புள்ளிகள் தோன்றும். ஒமார் கியோத்தோவில் இறங்க நேர்ந்தது. அங்குள்ள பல்கலைக்கழக மருத்துவமனையில் மருத்துவர் ஒருவர் தம் இரத்தத்தையே கொடுத்தும் பயனில்லை. 1945 செப்டம்பர் 3-ஆம் நாள் அவர் காலமானார்.

அந்தத் தேதியைக் கரும்பலகையில் எழுதினேன். அதே செப்டம்பர் 3-ஆம் நாள்தான் பிரிட்டிஷ் கடற்படை வீரர்கள் ஜார்ஜ்டவுனில் இறங்கிப் பினாங்கை மீட்டுக்கொண்டனர். இங்கே போர் முடிந்த நாள், அங்கே ஒமாரின் இறுதி நாள். நிக் யூசோப்பும் ஹிரோஷிமாவில் மாண்டார். நகரின் புறத்தே இட்சுகாய்ச்சியிலுள்ள கோசென்ஜி என்னும் பௌத்தக் கோயிலில் அவர் கல்லறையும், கியோத்தோவின் என்கோஜி கோயிலில் ஒமாரின் கல்லறையும் உள்ளன. முஸ்லிம் இளைஞர் இருவரின் கல்லறைகளைப் பல பத்தாண்டுகளாகப் பௌத்தக் கோயில்கள் பேணிவருவது தனியே எழுதத்தக்க செய்தி.

ஹிரோஷிமாவில் மட்டும் அவ்வாண்டு இறுதிக்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் இறந்தனர். பிழைத்தவர்களிடையே சில ஆண்டுகள் கழித்து இரத்தப் புற்றுநோய் தலைகாட்டியது. சிறுவயதில் கதிர்வீச்சுக்கு ஆளானவர்களை அது அதிகம் தாக்கியது.

எண்களைக் கேட்டு மாணவர்கள் அசையமாட்டார்கள் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். ஆகவே பினாங்கு வரைபடத்தை விரித்து, கொம்தார் கோபுரத்தை மையமாக்கி இரண்டு கிலோமீட்டர் வட்டம் வரையச் சொன்னேன். குயின் வீதி மகாமாரியம்மன் கோயில், லிட்டில் இந்தியா, கார்ன்வாலிஸ் கோட்டை எல்லாம் வட்டத்திற்குள் அடங்கின. அதுவரை கிசுகிசுத்துக்கொண்டிருந்தவர்கள் அமைதியானார்கள். தீபாவளிக்குத் துணி வாங்கும் கடை எங்கே இருக்கிறது என்று ஒரு மாணவி தேடினாள். இப்பயிற்சியைப் பிற ஆசிரியர்களும் செய்து பார்க்கலாம். கவைமுள்ளும் அளவுகோலும் போதும்.

இன்றைய குண்டுகளுள் பல அதனினும் பன்மடங்கு வலியவை. உலகில் சுமார் 12,000 அணுகுண்டுகள் உள்ளன. இந்தியாவும் பாகிஸ்தானும் தம்மிடமுள்ளவற்றைக் கொண்டு போரிட்டால், எரியும் நகரங்களின் கரும்புகை வானில் பரவிச் சூரிய ஒளியை மறைத்து, விளைச்சல் பொய்த்து, உலகெங்கும் இருநூறு கோடிக்கு மேற்பட்டோர் பட்டினியால் இறக்கக்கூடும் என 2022-இல் வெளிவந்த ஆய்வொன்று கணக்கிட்டது. கெடாவின் வயல்களுக்கு அப்போரில் யாதொரு பங்கும் இல்லை. எனினும் அவையும் குளிரும். இங்கு ஒன்றைச் சொல்லத் தயங்குகிறேன், ஆயினும் சொல்கிறேன். 1998 மே மாதம் போக்ரானில் நடந்த அணுச்சோதனையில் முதன்மைப் பங்காற்றியவர் நாம் போற்றும் அப்துல் கலாம். இராமேசுவரத்து ஏழைச் சிறுவன் அறிவியலாளரான கதையைச் சொல்லும் நாம், அச்சோதனையைப் பெருமையோடு மட்டும் சொல்லிக் கடந்துவிடுகிறோம்.

ரசாக் நாடு திரும்பி ஆசிரியரானார். அதனினும் வியப்பு, மாரா தொழில்நுட்பக் கழகத்தில் பல்லாண்டு ஜப்பானிய மொழியைக் கற்பித்தார். ஆக்கிரமித்தவனின் மொழி, அவர் தோழர்களை இழந்த நகரின் மொழி. 1982-இல் தொடங்கிய கிழக்கை நோக்கும் கொள்கையின்கீழ் ஜப்பான் சென்ற மாணவர்களை ஆயத்தப்படுத்தியதில் அவர்க்குப் பெரும்பங்குண்டு. ஓத்மான் புத்தேயுடன் இணைந்து அவர் எழுதிய 'டெபு ஹிரோஷிமா' 1987-இல் வெளிவந்தது. 2013-இல் தம் 88-ஆம் வயதில் மறைந்தார். அவர் மகன் சுல்கிப்ளி அப்துல் ரசாக் 2000 முதல் 2011 வரை பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார்.

அணு ஆயுத ஒழிப்புக்கான அனைத்துலக இயக்கத்தை 2005-இல் முதன்முதல் முன்மொழிந்தவர் மலேசிய மகப்பேறு மருத்துவர் ரோனல்ட் மெக்கோய் என்பதையும் மாணவர்க்குச் சொன்னேன். அவ்வியக்கம் 2017-இல் நோபல் அமைதிப் பரிசு பெற்றது. அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தை மலேசியா 2020-இல் ஏற்று உறுதிசெய்தது.

மணி அடித்தது. கேள்வி கேட்ட மாணவன் புத்தகப்பையை மாட்டிக்கொண்டு என் மேசையருகே வந்தான். "அப்படியென்றால் பாட்டி சொன்னது தப்பா, ஐயா?" என்றான். தப்பில்லை, கொள்ளுத் தாத்தா பட்டதும் உண்மை, ஒமார் பட்டதும் உண்மை, இரண்டையும் எழுதிக்கொண்டு வா என்றேன். மறுவாரம் நான்கு பக்கங்கள் எழுதி வந்தான். மூன்று பக்கங்கள் சயாமைப் பற்றியவை, பாட்டி சொல்லச் சொல்ல எழுதியவை. நான்காம் பக்கத்தில் ஒமார் என்று தலைப்பிட்டு, இரயிலில் கியோத்தோ வரை வந்தார் என்று மட்டும் எழுதியிருந்தான். பாட்டி அதற்குமேல் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். பாவம், பிள்ளை வீட்டுக்கு வரவே இல்லையே என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம்.