வரைபடத்தில் சிக்னல் இருக்கிறது

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 100ஆம் எண் சாலை மலைகளுக்கு இடையே வடக்கு தெற்காக நீளமாக ஓடுகிறது. சில வருடங்களுக்கு முன்பு, ஒரு அக்டோபர் மாதம், இலைகள் நிறம் மாறுவதைப் பார்க்க அந்தச் சாலையில் காரில் போய்க்கொண்டிருந்தோம். ஒரு வளைவு தாண்டியதும் ஃபோனில் வழிகாட்டி நின்றுவிட்டது. நீலப் புள்ளி மட்டும் வெற்றுச் சாம்பல் கட்டத்தில் மிதந்துகொண்டிருந்தது. “மேப் லோடே ஆகல” என்றாள் மனைவி.

அடுத்த பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி, கல்லாவில் இருந்த வயதான பெண்மணியிடம் கேட்டேன். அவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னதன் சாரம் இது: “இங்க வராதுப்பா. மேல கல்லறைத் தோட்டம் இருக்கு பாரு, அங்க போனா ரெண்டு கோடு வரும். மழை பெய்ஞ்சா அதுவும் சந்தேகம்.”

அன்றிரவு விடுதியின் வைஃபையில், எங்கள் தொலைபேசி நிறுவனத்தின் இணையதளத்தில் சேவைப்பரப்பு வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். அந்தப் பெட்ரோல் பங்க் அடர்வண்ணத்தின் நட்டநடுவில் இருந்தது. சாலை, மலை, கல்லறைத் தோட்டம் எல்லாவற்றின் மீதும் ஒரே சீராகப் பூச்சு. நான் சில வருடங்கள் வரைபடம் காட்டும் மென்பொருளில் வேலை பார்த்தவன். ஒரு வண்ணத்துக்குப் பின்னால் ஒரு தரவு இருக்கும், அந்தத் தரவை யாரோ போய் எடுத்திருப்பார்கள் என்று நம்பிப் பழகியவன். இந்த வண்ணத்தை யார் போய் எடுத்தார்கள்?

யாரும் போகவில்லை என்பதுதான் பதில். செல்பேசி சேவைப்பரப்பு வரைபடம் பெரும்பாலும் அளந்து வரைந்தது அல்ல, கணித்து வரைந்தது. அந்தக் கணிப்புக்கு அரை நூற்றாண்டு வரலாறு உண்டு.

கணிப்பு ஒரு அளவீட்டிலிருந்துதான் தொடங்கியது. 1960களில் யோஷிஹிசா ஒகுமுரா என்ற ஜப்பானியப் பொறியாளரும் அவரது குழுவினரும் டோக்கியோவிலும் சுற்றுப்புறங்களிலும் வாகனத்தில் அலைந்து, ஆன்டெனாவிலிருந்து விலக விலக ரேடியோ அலையின் பலம் எப்படிக் குறைகிறது என்று அளந்தார்கள். 1968இல் அதை வளைகோடுகளாக வெளியிட்டார்கள். 1980இல் மசாஹரு ஹாட்டா அந்த வளைகோடுகளைச் சூத்திரங்களாக்கினார். ஆன்டெனாவின் உயரம், அலைவரிசை, தூரம் ஆகியவற்றைக் கொடுத்தால் இழப்பு எவ்வளவு என்று வந்துவிடும். பொறியியல் கல்லூரியில் இதே ஒகுமுரா-ஹாட்டாவை 16 மதிப்பெண் கேள்விக்காக நான் மனப்பாடம் செய்திருக்கிறேன். சூத்திரம் தருவது இடைநிலை மதிப்பு, அதாவது அந்தத் தூரத்தில் உள்ள இடங்களில் பாதியில் இதைவிட மோசமாகத்தான் இருக்கும் என்பது அன்று மண்டையில் ஏறவில்லை. தேர்வில் அதைக் கேட்கவும் இல்லை.

அதே 1968இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், போல்டர் நகரிலிருந்த அரசு ஆய்வகத்தில் அனிதா லாங்லி, ஃபில் ரைஸ் என்ற இருவர் மேடுபள்ளமான நிலத்துக்கான கணினி முறை ஒன்றை வெளியிட்டார்கள். கோபுரத்துக்கும் நமக்கும் நடுவே மலை இருந்தால் அலை எவ்வளவு மடங்கி வரும் என்பதை இது கணக்கில் கொள்ளும். இதற்கு நிலத்தின் உயரத் தரவு வேண்டும். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பறந்து, ரேடார் மூலம் பூமியின் நிலப்பரப்பில் சுமார் 80 சதவீதத்தின் உயரத்தை அளந்து வந்தது. அதன் பிறகு மேசையை விட்டு எழாமலே ஒரு நாடு முழுவதற்கும் சிக்னல் வரைபடம் போடலாம் என்றானது.

மலை சரி, மரம்? கோடையில் இலை நிறைந்த மேப்பிள் காடும், நவம்பரில் மொட்டையாக நிற்கும் அதே காடும் அலைக்கு ஒன்றல்ல. காரின் தகரக்கூடு, வீட்டுச் சுவர், சட்டைப்பையில் இருக்கும் ஃபோனை மறைக்கும் நம் உடம்பு என்று எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் தின்னும். இதற்கெல்லாம் மாதிரியில் ஒரு சராசரி எண் போடுவார்கள். அந்த எண்ணைத் தாராளமாகப் போட்டால் வண்ணம் விரியும், கறாராகப் போட்டால் சுருங்கும்.

கடைசியில் நிகழ்வதுதான் எனக்குத் தெரிந்த தொழில். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிகழ்தகவு இருக்கிறது. 80 சதவீதத்துக்கு மேல் என்றால் வண்ணம் பூசு, கீழே என்றால் விட்டுவிடு என்று ஒரு வரி நிரல் எழுதுகிறோம். அந்த ஒரு வரியில் “அநேகமாகக் கிடைக்கலாம்” என்பது “கிடைக்கும்” என்று மாறிவிடுகிறது. பார்ப்பவருக்குத் தெரிவது வண்ணம் மட்டும்தான்.

வெகுகாலம் இது விளம்பரச் சண்டையாகவே இருந்தது. 2009இல் வெரைசான் நிறுவனம், தன்னுடைய 3ஜி வரைபடத்தையும் ஏடி&டியின் 3ஜி வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தொலைக்காட்சியில் காட்டியது. ஒன்று நிறைந்து வழிந்தது, மற்றது வெள்ளையில் அங்கங்கே திட்டுத் திட்டாக இருந்தது. ஏடி&டி நவம்பரில் நீதிமன்றம் போனது. எண்கள் பொய் என்பது அதன் வாதமல்ல. வெள்ளையாக விட்ட இடங்களிலும் எங்கள் பழைய, மெதுவான சேவை இருக்கிறது, பார்ப்பவர்களோ அங்கே ஒன்றுமே இல்லை என்று நினைக்கிறார்கள் என்பதே புகார். விளம்பரத்துக்கு உடனடித் தடை கேட்டார்கள், கிடைக்கவில்லை. டிசம்பரில் வழக்கைத் திரும்பப் பெற்றார்கள். வெள்ளை என்றால் என்ன பொருள் என்று இரண்டு பெரிய நிறுவனங்கள் சண்டை போட்டன. வண்ணம் என்றால் என்ன பொருள் என்று அந்த வழக்கில் யாரும் கேட்கவில்லை.

அந்தக் கேள்வி எழுந்தது வண்ணத்தோடு அரசுப் பணம் சேர்ந்தபோது.

2017இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி, கிராமப்புறங்களுக்கு 4ஜி கொண்டுபோக ஒரு திட்டத்தை அறிவித்தது. பத்து ஆண்டுகளில் 453 கோடி டாலர். எந்த இடத்துக்குத் தருவது? ஏற்கெனவே மானியம் இல்லாமல் 4ஜி கிடைக்கும் இடத்துக்குத் தர வேண்டாம் என்பது நியாயமான விதி. ஆகவே நிறுவனங்களிடம் வரைபடம் கேட்டார்கள். நொடிக்கு 5 மெகாபிட் வேகம், சேவை எல்லையின் விளிம்பில் 80 சதவீத நிகழ்தகவு என்று அளவுகோலும் கொடுத்தார்கள்.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. ஒரு பெரிய நிறுவனம் ஒரு பள்ளத்தாக்கை வண்ணம் பூசிக் காட்டினால், அந்தப் பள்ளத்தாக்கு மானியப் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். அங்கே கோபுரம் போட நினைத்த சிறிய உள்ளூர் நிறுவனத்துக்குப் பணம் கிடைக்காது. மிகையாகக் காட்டுபவருக்கு நஷ்டம் இல்லை, போட்டியாளருக்குத்தான் நஷ்டம். ஓக்லஹோமா மாநிலத்தின் மேற்குக் கோடியில், வெரைசான் காட்டும் பரப்பில் ஏறத்தாழ பாதியில்தான் உண்மையில் சேவை இருக்கக்கூடும் என்று 2018இல் கிராமப்புற நிறுவனங்களின் சங்கம் ஆணையத்திடம் எழுதியது.

வரைபடம் தவறு என்று நினைப்பவர்கள் ஆட்சேபிக்கலாம் என்று ஆணையம் வழி வைத்திருந்தது. ஆனால் ஆட்சேபிப்பவர்தான் நிரூபிக்க வேண்டும். குறிப்பிட்ட ஃபோன்களை வாங்கி, ஒவ்வொரு நிறுவனத்தின் சந்தாவும் எடுத்து, சதுர கிலோமீட்டர் கட்டம் கட்டமாகப் போய், வேகத்தை அளந்து, பதிவேற்ற வேண்டும். தனி மனிதர் நேரடியாக ஆட்சேபிக்க முடியாது. அரசு அமைப்புகளும் நிறுவனங்களும்தான் முடியும். மற்றவர்கள் சிறப்பு அனுமதி கேட்க வேண்டும். அந்தப் பெட்ரோல் பங்க் பெண்மணிக்குத் தெரிந்தது தரவு ஆகாது.

வெர்மான்ட் மாநிலம் இதைச் செய்யத் துணிந்தது. 2018 இலையுதிர் காலத்தில் மாநிலப் பொதுச் சேவைத் துறையின் ஊழியர் ஒருவர் ஆறு ஃபோன்களைக் காரில் வைத்துக்கொண்டு, மாநிலத்தின் சாலைகளில் சுமார் 6,000 மைல் ஓட்டினார். ஆறு ஃபோன்களும் இடைவிடாமல் ஒரே கோப்பைப் பதிவிறக்க முயன்றுகொண்டே இருந்தன. பல சாலைகளில் முயற்சி மட்டும்தான் நடந்தது. நாடு முழுக்க 37 மாநிலங்களிலிருந்து ஆணையத்துக்கு 2 கோடிக்கும் அதிகமான வேகச் சோதனைகள் வந்து குவிந்தன. 2018 டிசம்பரில் ஆணையம் விசாரணையை அறிவித்தது.

பிறகு ஆணையத்தின் ஊழியர்களே காரை எடுத்தார்கள். 12 மாநிலங்கள், கிட்டத்தட்ட 10,000 மைல். 2019 டிசம்பரில் அறிக்கை வந்தது. வெரைசான், டி-மொபைல், யு.எஸ். செல்லுலர் ஆகிய மூன்றின் வரைபடங்களையும் ஓட்டிப் பார்த்ததில், 62.3 சதவீத சோதனைகளில்தான் சொன்ன வேகம் கிடைத்தது. யு.எஸ். செல்லுலரில் 45 சதவீதம். விளிம்பில் 80 சதவீதம் என்று கணக்கிட்ட வரைபடத்தில், பரப்பு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சுமார் 92 சதவீதம் வந்திருக்க வேண்டும். வேகத்தை விடுங்கள், 4ஜி சிக்னலே கிடைக்காத சோதனைகள் வெரைசானில் 16.2, டி-மொபைலில் 21.3, யு.எஸ். செல்லுலரில் 38 சதவீதம்.

இந்த 38ஐ அறிக்கையில் ஒரு எண்ணாகக் கடந்துபோய்விடலாம். ஜனவரி மாதம் பனியில் கார் சறுக்கிப் பள்ளத்தில் இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில் 911 அவசர அழைப்பை எந்த நிறுவனத்தின் கோபுரமும் ஏற்க வேண்டும் என்பது விதி. எந்தக் கோபுரமும் எட்டாத இடத்தில் அந்த விதியால் பயன் இல்லை. வண்ணம் பூசப்பட்டதால் கோபுரம் வராமல் போன இடம் என்றால், அந்தப் பள்ளத்தில் நம்மைத் தனியே விட்டதில் வரைபடத்துக்கும் பங்கு உண்டு.

அறிக்கை யாருக்கும் அபராதம் பரிந்துரைக்கவில்லை. தவறான வரைபடம் கொடுத்தால் தண்டனை உண்டு என்று நினைவூட்டும் அறிவிப்பை வெளியிடச் சொன்னது, அவ்வளவுதான். 453 கோடி டாலர் திட்டம் கைவிடப்பட்டது. அதன் இடத்தில் 900 கோடி டாலரில் 5ஜி நிதி அறிவிக்கப்பட்டது. புதிய வரைபடம் வந்த பிறகே அதன் ஏலம் என்று 2020 அக்டோபரில் முடிவானது. கோபுரத்துக்காகக் காத்திருந்த ஊர்கள் இப்போது வரைபடத்துக்காகக் காத்திருந்தன.

2020 மார்ச்சில் ஒரு சட்டம் வந்தது. விளிம்பு நிகழ்தகவு 90 சதவீதமாக உயர்ந்தது. எல்லோரும் ஒரே அளவுகோலில் கணக்கிட வேண்டும் என்றானது. 2022 நவம்பரில் வெளியான புதிய தேசிய வரைபடத்தில், நாடு சின்னச் சின்ன அறுகோணங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இப்போது சாதாரண ஆட்களும் ஒரு செயலியில் சோதனை செய்து அனுப்பலாம். போதுமான சோதனைகள் சேர்ந்தால், பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு நிறுவனத்துக்கு மாறுகிறது. ஏற்றுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஆதாரம் காட்ட வேண்டும். அளவுகோலை இறுக்கியதைவிட இதுதான் பெரிய மாற்றம் என்று எனக்குப் படுகிறது. ஒன்று இல்லை என்பதை, அது இல்லாதவர்தான் நிரூபிக்க வேண்டும் என்பது கொடுமையான விதி. 2018இல் நடந்தது அதுதான்.

குறை முழுக்கத் தீர்ந்துவிடவில்லை. சிக்னல் இல்லாத இடத்தில் ஆட்கள் ஃபோனை எடுப்பதே இல்லை, எடுக்காத ஃபோனிலிருந்து தரவு வராது. மக்கள் திரட்டும் தரவில் நன்றாக இருக்கும் இடங்களே மறுபடி மறுபடி பதிவாகும். ஆறு ஃபோன்களோடு ஒருவர் போய்ப் பார்க்க வேண்டிய தேவை அப்படியே இருக்கிறது.

மாதிரிகளை நான் குறை சொல்ல மாட்டேன். லட்சக்கணக்கான சதுர மைலை அளந்தே தீருவது என்றால் ஒரு வரைபடமும் வராது. ஆனால் ஒகுமுரா முதலில் வண்டியை எடுத்துக்கொண்டு போனார், பிறகுதான் கோடு போட்டார். அந்தக் கோட்டுக்குச் சூத்திரமும், சூத்திரத்துக்கு மென்பொருளும், மென்பொருளுக்கு வண்ணமும் வந்தபோது வண்டி மட்டும் நின்றுபோனது. இப்போது ஒரு சேவைப்பரப்பு வரைபடத்தைப் பார்த்தால் நான் மூன்று விஷயங்களைத் தேடுகிறேன். எத்தனை சதவீதத்துக்கு மேல் வண்ணம்? திறந்த வெளியிலா, காருக்குள்ளா, வீட்டுக்குள்ளா? யாராவது நேரில் போய்ச் சரிபார்த்தார்களா? மூன்றாவதுக்கு அநேகமாகப் பதில் இருக்காது.

இரண்டு வருடம் கழித்து அதே சாலையில் மீண்டும் போனோம். இந்த முறை வழித்தடத்தை முன்னாலேயே ஃபோனில் இறக்கிவைத்திருந்தேன். பெட்ரோல் பங்க் இருந்தது, கல்லாவில் வேறொரு இளைஞன். சும்மா கேட்டுப் பார்த்தேன். அவனும் கையை மேலே காட்டி, கல்லறைத் தோட்டத்துக்குத்தான் வழி சொன்னான்.