பேயாகக்கூட வராதவர்கள்

பூட்டிக் கிடக்கிற ஆஸ்பத்திரி எந்த ஊரில் இருந்தாலும் அதில் பேய் குடியேறிவிடும். டாக்டர் போய்விடுவார், கட்டில் போய்விடும், போர்டு துருப்பிடித்துக் கீழே விழும். ஆனால் ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் குழந்தை அழுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். எங்கள் சேத்தியாத்தோப்புப் பக்கத்திலும் இப்படி ஒரு நர்சிங் ஹோம் கதை உண்டு. பிரசவத்துக்கு வந்து செத்துப்போன பொம்பளை ஒருத்தி பிள்ளையைத் தேடிக்கொண்டு அலைகிறாளாம். எந்தத் தெருப் பொம்பளை என்று டீக்கடையில் கேட்டேன். "யாரோ காலனிப் பக்கத்து ஆளு சார்" என்றார்கள். பேருக்குத்தான் பஞ்சம். தெரு மட்டும் சரியாக ஞாபகம் இருக்கிறது.

பகுத்தறிவு பேசி இதை ஒரே வரியில் தள்ளிவிடலாம். தள்ள வேண்டாம் என்பது என் கட்சி. பேய் என்பது கிராமத்தில் தீராத கணக்கு. வயிற்றுப் பிள்ளையோடு செத்தவளுக்குச் சுமைதாங்கிக் கல் நடுகிற வழக்கம் நம் ஜனங்களிடம் உண்டு. இறக்கி வைக்க முடியாமல் போன சுமையை அந்தக் கல்லாவது தாங்கட்டும் என்று. காத்தவராயனைக் கழுவில் ஏற்றினார்கள். மதுரை வீரனை மாறுகால் மாறுகை வாங்கினார்கள். அப்புறம் அவர்களுக்கே கோயில் கட்டிப் பொங்கல் வைத்தார்கள். பக்தியால் அல்ல, பயத்தால். செத்தவன் திரும்பி வந்து கேட்பான் என்கிற பயம். நமக்குக் கோர்ட்டும் கிடையாது, ஸ்டேஷனும் கிடையாது என்றிருந்த காலத்தில் பேய்தான் நம்முடைய வக்கீல்.

இதற்கு மாற்றும் ஒன்று கண்டுபிடித்தார்கள். சிதம்பரத்தில் நந்தனைத் தீயில் இறக்கிவிட்டு, ஜோதியில் கலந்துவிட்டான் என்று பாடினார்கள். ஜோதியானவன் பேயாக வர முடியாது. கணக்கு அங்கேயே முடிந்தது. தில்லையில் நந்தன் பேய் அலைகிறதாக இதுவரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பேயாக வருவதற்குக்கூட ஒரு தகுதி வேண்டியிருக்கிறது. இந்த நினைப்பு எனக்கு ஓடியது உள்ளூர் நர்சிங் ஹோமை வைத்து அல்ல, சிங்கப்பூர் ஆஸ்பத்திரி ஒன்றை வைத்து. எங்கள் காலனியில் நிலம் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் ஏஜெண்டுக்கு வட்டிக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறார்கள். அப்படிப் போன எங்கள் பங்காளி வீட்டுப் பையன் ஒருவன் லீவில் வந்தபோது சாங்கி பழைய ஆஸ்பத்திரிக் கதையைச் சொன்னான். அங்கே எல்லா இனத்துக்காரனுக்கும் தெரிந்த கதையாம். வெள்ளைக்கார நர்ஸ் நடக்கிறாள், ஜப்பான் சிப்பாய் நிற்கிறான், ரத்தக் கறை போகவே மாட்டேன் என்கிறது. 2010இல் அதை வைத்து சினிமாவே எடுத்துவிட்டார்கள்.

அந்தக் கட்டடத்தின் சரித்திரம் இது. சிங்கப்பூர்த் தீவின் கிழக்கு மூலையில், கடலைப் பார்த்த ஒரு மேட்டில், 1935இல் வெள்ளைக்காரன் தன் பட்டாளத்துக்காகக் கட்டிய முகாமின் பகுதி. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. பிரிட்டிஷ், ஆஸ்திரேலியச் சிப்பாய்கள் சுமார் 50,000 பேரை ஜப்பான்காரன் சாங்கி வட்டாரத்து முகாம்களில் அடைத்தான். யுத்தம் முடிந்த பிறகு இது பிரிட்டிஷ் விமானப்படையின் ஆஸ்பத்திரி ஆனது. அவர்கள் போன பிற்பாடு, 1976இல், பொதுமக்களுக்கான சாங்கி ஆஸ்பத்திரி ஆனது. 1997இல் மூடிவிட்டு சீமேயில் கட்டிய புது ஆஸ்பத்திரிக்கு எல்லாவற்றையும் மாற்றினார்கள். வேலி போட்டுப் பூட்டினார்கள். அவ்வளவுதான், பேய்கள் வந்துவிட்டன.

ஜப்பான் ரகசியப் போலீஸான கெம்பெய்தாய் அந்த ஆஸ்பத்திரிக்குள் சித்திரவதைக் கூடம் வைத்திருந்தது என்பது வதந்தியின் முக்கியப் பகுதி. ஆனால் கெம்பெய்தாயின் பேர்போன சித்திரவதைக் கூடம் நகரத்துக்குள் ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் இருந்தது. வதந்தி அதைத் தூக்கிக்கொண்டுவந்து மேட்டில் வைத்துவிட்டது. பரவாயில்லை, வதந்தி ஒன்றும் சும்மா பிறக்கவில்லை. அதே சாங்கிக் கடற்கரையில் 1942 பிப்ரவரி 20இல் சீனர் 66 பேரை வரிசையாக நிற்கவைத்துச் சுட்டார்கள். தீவு முழுக்க அந்த மாதத்தில் கொல்லப்பட்ட சீனர்கள் பல ஆயிரம் பேர். அவர்களுக்கு 1967இல் நகர நடுவில் உயரமான தூண்கள் எழுப்பினார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்க்குக் கிராஞ்சியில் கல்லறை இருக்கிறது. ஆக, சாங்கி மேட்டில் பேயாக அலைகிறவர்கள் எல்லாருக்கும் தீவில் எங்கோ ஒரு கல்லும் இருக்கிறது. கல் உள்ளவர்களுக்குத்தான் பேயும் இருக்கிறது.

"நம்மாளுங்க பேய் ஒண்ணுகூடவா இல்ல?" என்று பையனைக் கேட்டேன். சிரித்தான். "நம்மாளு அப்ப அங்க எங்க சித்தப்பா இருந்தான்?" என்றான்.

எங்கே இருந்தான் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

தென்னாற்காட்டிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் வடாற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் கங்காணி கூட்டிக்கொண்டு போனவர்களில் பெரும்பங்கு சேரிக்காரர்கள். பண்ணையில் படியாளாகக் கிடந்தவனுக்குக் கங்காணி கொடுத்த முன்பணம் விடுதலைப் பத்திரம் மாதிரி இருந்தது. நாகப்பட்டினம் முகாமில் ஊசி போட்டு, 'ரஜூலா' போன்ற கப்பல்களில் அடைத்து, பினாங்கில் இறக்கினார்கள். ரப்பர்த் தோட்டத்தில் லயம். அந்த லயத்திலும் பறையனுக்கு வேறு வரிசை, மற்றவனுக்கு வேறு வரிசை. கடல் தாண்டினால் சாதி முங்கிப்போகும் என்று யார் சொன்னது? அது நீச்சல் தெரிந்த சாதி. 1938இல் இந்திய அரசாங்கம் இந்த ஆள் ஏற்றுமதியைத் தடுத்தது. அதற்குள் போனவர்கள் போனதுதான்.

எங்க ஆயாவின் பெரியப்பா தடை வருவதற்குக் கொஞ்சம் முந்திப் போனவர். சிதம்பரம் வரைக்கும் நடந்து போய் ரயில் ஏறினார் என்று ஆயா சொல்லும். இரண்டு தடவை பணம் வந்ததாம். அப்புறம் சண்டை வந்துவிட்டது.

சண்டையில் ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்தான். ரப்பருக்கு விலை இல்லை, தோட்டத்தில் வேலை இல்லை, அரிசி இல்லை. பர்மாவுக்குத் தரைவழியாகப் படையும் தளவாடமும் அனுப்ப அவனுக்கு ரயில் வேண்டும். சயாமில் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவில் தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர், மலையும் மூங்கில் காடும். 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபர் 17இல் இரண்டு முனையையும் சேர்த்துவிட்டான். முதலில் நாளைக்கு ஒரு வெள்ளி கூலி, மூன்று மாத வேலை என்று ஆசை காட்டினார்கள். ஆள் வராதபோது பிடித்துக்கொண்டு போனார்கள். சும்மா சினிமா காட்டுகிறோம் என்று கொட்டகைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, லாரியில் ஏற்றிய கதையை உயிர் தப்பியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பெண்டாட்டி பிள்ளையோடு போனவர்களும் உண்டு.

வேலையைவிட அதிகம் கொன்றது வாந்திபேதி. 1943 மழைக்காலத்தில் காலரா முகாம் முகாமாகத் துடைத்தது. வெள்ளைக்காரக் கைதிகளிடம் டாக்டர் இருந்தார், மருந்து இல்லாவிட்டாலும் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி என்று அடித்துச் சொல்ல அதிகாரி இருந்தார், ஒழுங்கு இருந்தது. கூலி முகாமில் ஒன்றும் கிடையாது. ஆற்றுத் தண்ணீரை அப்படியே குடித்தார்கள். பிணத்தைக் குழியில் போட்டார்கள், சேர்த்து எரித்தார்கள். உயிர் போகாதவர்களையும் சேர்த்தே கொட்டகையோடு கொளுத்தினார்கள் என்று பார்த்தவர்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள்.

சாங்கிக்கும் நம்மவர்களுக்கும் முடிச்சு விழுகிற இடம் இதுதான். கூலிகள் கூட்டம் கூட்டமாகச் செத்து வேலை கெடுகிறது என்றதும், ஜப்பான்காரன் சாங்கி முகாமில் இருந்த வெள்ளைக்கார மருத்துவக் கைதிகளைப் பொறுக்கி எடுத்து சயாமுக்கு அனுப்பினான். 1943 ஜூனில் போன கூட்டத்துக்கு 'கே போர்ஸ்' என்று பேர், 230 பேர். ஆகஸ்டில் 'எல் போர்ஸ்', 115 பேர். கையில் மருந்து கொடுக்கவில்லை. பல இடத்தில் டாக்டரையே பிணம் தூக்கவும் கக்கூஸ் வெட்டவும் வைத்தான். அந்த மூங்கில் கொட்டகைகளுக்கும் ஆஸ்பத்திரி என்றுதான் பேர். உலகத்தில் பேய் உலவவேண்டிய ஆஸ்பத்திரி என்று ஒன்று இருந்தால் அவைதான். ஆனால் அவற்றைச் சீண்ட ஆள் இல்லை. சுவர் இல்லை, மாடிப்படி இல்லை, காடு மூடிவிட்டது. வதந்தி தொங்குவதற்கும் ஒரு ஆணி வேண்டாமா?

இப்போது எண்ணிக்கைக்கு வருவோம். ரயில் பாதையில் வேலை பார்த்த நேச நாட்டுக் கைதிகள் சுமார் 60,000 பேர். செத்தவர்கள் 12,000க்கு மேல். ஆசியக் கூலிகள் 1,80,000க்குக் குறையாது, இரண்டரை லட்சம் என்பாரும் உண்டு. செத்தவர்கள் 80,000 முதல் 1,00,000 வரை. பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், தமிழர் எல்லாரும் இதில் அடக்கம். தமிழர் எத்தனை என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்கு.

கைதிகள் தங்கள் ஆள் செத்தால் பேர், நம்பர், இடம் எல்லாம் எழுதி ஒளித்து வைத்தார்கள். 1945 செப்டம்பர் 22இலிருந்து அக்டோபர் 10 வரைக்கும் ஒரு கல்லறைக் குழு அந்தப் பாதை நெடுகப் போனது. 144 இடுகாடுகளில் 10,549 கல்லறைகளைக் கண்டது. கண்டுபிடிக்க முடியாமல் போனது எத்தனை தெரியுமா? 52. மூன்று வாரத்துக்குள் முடித்த காரியம் இது. காஞ்சனபுரி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 6,982 பேரை வரிசையாக வைத்துப் புல் வளர்த்திருக்கிறார்கள். அதைச் செய்ததில் தப்பில்லை. அந்தக் குழு தேடிக்கொண்டு போன அதே பாதையில் நம் ஜனங்களின் குழிகளும் கிடந்தன. தேடச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை.

பேர் தெரியாது என்று மட்டும் சொல்லிவிட முடியாது. தோட்டத்துக்குத் தோட்டம் செக்ரோல் இருந்தது. தினம் விடிகாலையில் பேர் கூப்பிட்டுத்தான் வெட்டுக்கு அனுப்பினார்கள். கூலியைப் பிடிக்க இருந்த பேர், செத்த பிறகு கல்லில் வெட்ட மட்டும் இல்லாமல் போய்விட்டது. யுத்தம் முடிந்து சயாம் பகுதி ரயிலை பிரிட்டன் தாய்லாந்துக்கு விற்றது, பன்னிரண்டரை லட்சம் பவுனுக்கு. 1967இல் ஜப்பான் மலேசியாவுக்கு நல்லெண்ணம் என்று இரண்டு கப்பல் கட்டித் தர ஒத்துக்கொண்டது. செத்தவன் பெண்டாட்டிக்குக் கப்பலை வைத்துக்கொண்டு என்ன செய்யத் தெரியும்? 1957இல் வந்த குவாய் நதிப் பாலம் சினிமாவை இலங்கையில், கித்துல்கலையில் படம் பிடித்தார்கள். நம் கூலி ஜனத்துக்கு அதில் கதை இல்லை. மலேசியாவில் ஆர்.சண்முகம் 'சயாம் மரண ரயில்' நாவலை 1993இல் எழுதிய பிறகுதான் தமிழில் பேச்சே கொஞ்சம் எழுந்தது.

தமிழன் செத்தான், தமிழன் செத்தான் என்று இப்போது மேடையில் பேசுகிறார்கள். பேசட்டும். எந்தத் தமிழன் என்று கேட்டால் மட்டும் முகம் சுளிக்கிறார்கள். கிராணி வீட்டுப் பிள்ளையும், தோட்டத்தில் கடைசி வரிசை லயத்துப் பிள்ளையும் ஒரே அளவில் லாரி ஏறவில்லை. செக்ரோலில் யார் பேரை முதலில் காட்டிக் கொடுப்பது என்பதைக் கங்காணிக்கும் கிராணிக்கும் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அதையும் சேர்த்து எழுதினால்தான் வரலாறு.

2023 மே மாதம் காஞ்சனபுரியில் ஒரு புத்தர் கோயில் வளாகத்தில், செத்த தமிழர்களுக்கு நடுகல் வைத்தார்கள். தமிழ்நாட்டு அரசும் பணம் கொடுத்தது. எண்பது வருஷம் கழித்து என்றாலும் கல் கல்தான்.

செய்தியைப் பையனுக்குச் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரூம்காரர்களோடு கிராஞ்சிக்குப் போயிருக்கிறான். அங்கே சுவரில் 24,000க்கு மேல் பேர்கள். போனில் சொன்னான்: "நம்ம பேரு மாதிரி நெறைய இருக்கு சித்தப்பா. ஆனா எல்லாம் பட்டாளத்துக்காரனுது."

எங்க ஆயாவின் பெரியம்மா கடைசிவரை தாலியைக் கழற்றவில்லை. பெரியப்பாவுக்குக் கருமாதி செய்ய விடவில்லை. செத்த தேதி இல்லை, உடம்பு இல்லை, பார்த்தேன் என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. எப்படிச் செய்வது என்று கேட்குமாம். ஆடி அமாவாசைக்கு மற்றவர்களுக்குப் படைக்கும்போது அவருக்கு இலை போடமாட்டார்கள்; போட்டால் செத்துப்போனதாக ஆகிவிடும். ராத்திரி சோற்றில் ஒரு கை எடுத்துச் சட்டியில் போட்டுத் தண்ணி ஊற்றி வைக்குமாம், நடுச்சாமத்தில் வந்தாலும் பசியோடு படுக்கக்கூடாது என்று. அந்தக் கிழவி போன பிறகு, அவருக்கும் சேர்த்து இலை போடலாமா கூடாதா என்று எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. ஆயா கூடாது கட்சி.