தொழில் வளாக மழைநீர் மேலாண்மை (குன்னத்தூர் வட்டாரம்)

தொழிற்கூடம், கிடங்கு, கடை வளாகம் போன்ற இடங்களில் விழும் மழைநீர் மண்ணை அரித்துச் செல்லாதபடி அதை மட்டுப்படுத்தி, தெளியவைத்து, நிலத்துக்குள் இறக்கும் முறைகளே தொழில் வளாக மழைநீர் மேலாண்மை.

நிலமும் மழையும்

குன்னத்தூர், திருப்பூர் மாவட்டம் ஊத்துக்குளி வட்டத்திலுள்ள பேரூராட்சி. பின்னலாடைத் தொழில் வட்டாரத்தைச் சேர்ந்தது. கொங்கு மேட்டுநிலங்களில் மழை குறைவு. ஆனால் வடகிழக்குப் பருவத்தில் ஒரே நாளில் கொட்டித் தீர்ப்பதும் உண்டு. கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப்புல்லும் கிளுவை வேலியும் செம்மண்ணைப் பிடித்து வைக்கின்றன. அவற்றை வழித்து, நிலத்தைச் சமன்செய்து ஷெட் போட்டால் அந்தப் பிடிமானம் போய்விடும். 1,000 சதுர மீட்டர் கூரையில் 50 மி.மீ. மழை பெய்தால் விழும் நீர் 50,000 லிட்டர். தகரக் கூரையில் அதன் பெரும்பகுதி உடனே வழிந்து, கீழே வெற்று மண்ணை அறுத்து, ஓடை வழியே குட்டைகளைத் தூர்க்கும்.

முறைகள்

மண்ணை இடம்பெயராமல் காப்பதே முதல் வேலை. கட்டுமானத்தின்போது முழு மனையையும் ஒரே நேரத்தில் கிளறாமல் பகுதி பகுதியாகத் தோண்டுவது, சரிவுக்குக் குறுக்கே வரப்பு போடுவது, கரைகளில் வெட்டிவேர் நடுவது ஆகியவை செலவு குறைந்தவை. வடிகாலில் கல் பதித்துச் சிறு தடுப்புகள் வைத்தால் நீரின் வேகம் குறையும்.

அடுத்தது படிவுத் தொட்டி. 0.1 மி.மீ. மணல் அசையாத நீரில் ஒரு மீட்டர் ஆழம் இறங்க ஏறத்தாழ 2 நிமிடம் போதும், 0.002 மி.மீ. களித்துகளுக்கு 3 நாள் ஆகும். ஆகவே தொட்டி மட்டும் கலங்கலைப் போக்காது. படிகாரம் இட்டோ புல்வெளியில் பரவவிட்டோ தெளியவைக்க வேண்டும்.

கூரை நீரை ஜல்லி, மணல் வடிகட்டி வழியே உறிஞ்சு குழிக்கு விடலாம். சாயம், ரசாயனம், எண்ணெய் கையாளும் முற்றத்து நீரை அதனுடன் கலக்கக் கூடாது. அது சுத்திகரிப்பு நிலையத்துக்கே செல்ல வேண்டும். உறிஞ்சு குழியில் விட்டால் கிணற்று நீர் கெடும்.

சட்டமும் திட்டமும்

தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு 2003இல் கட்டாயமாக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டடப் பரப்புள்ள திட்டங்களுக்கு முன்அனுமதி தேவை. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்கு பவானியின் உபரிநீரைக் கொண்டுசெல்லும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டது. வளாகங்களிலிருந்து வரும் வண்டல் குட்டைகளில் சேரச் சேர, அவற்றின் கொள்ளளவு குறையும்.

பராமரிப்பு

வண்டல் நிரம்பிய தொட்டி பயன்படாது. ஆண்டுதோறும் அக்டோபருக்கு முன் தொட்டிகளைத் தூர்வாரி, வடிகட்டி மணலைக் கழுவ வேண்டும்.