பழைய கெப் வாகனம்: மலைப் பாதைக்கு எதை முதலில் திருத்துவது?

மரக்கறி, உரம், விறகு, அவசரத்துக்கு நோயாளி என நுவரெலியா, ஹட்டன் தோட்டப் பகுதிகளில் கெப் வாகனம் சுமக்காதது குறைவு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில்தான். 2022இல் ரூபாய் சரிந்ததோடு வரியும் சேர, புதிய வண்டி பலருக்கு எட்டாததாகிவிட்டது. 30 வருடம் ஓடிய வண்டியைத் திருத்தி ஓட்டுவதே மிச்சமுள்ள வழி.

வடக்கில் 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பழைய கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிய அனுபவம் நம்மவருக்கு உண்டு. அந்தச் சமதரையில் வண்டியைக் கிளப்புவதே பெரும்பாடு. மலையகத்தில் அதை நிறுத்துவதுதான் பெரும்பாடு. 2023 ஜனவரி 20 அன்று நானுஓயா, ரதல்ல குறுக்கு வீதிச் சரிவில் நடந்த விபத்தில் 7 பேர் உயிரிழந்தனர். எனவே பணம் குறைவாக இருந்தால் பின்வரும் ஒழுங்கில் செலவிடுங்கள்.

வாங்கும் முன்

பதிவுச் சான்றிதழிலுள்ள செசி, எஞ்சின் இலக்கங்களை வண்டியோடு ஒப்பிடுங்கள். லீசிங் நிறுவனத்தின் உரித்து நீக்கப்பட்டுள்ளதா எனப் பாருங்கள். பின் ஸ்பிரிங் மாட்டும் இடங்களில் செசியைச் சுத்தியலால் தட்டுங்கள். துரு உதிர்ந்து ஓட்டை விழுந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

பிரேக்

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது அந்த ஈரம் ஆவியாகி, மிதி தரை வரை போய்விடும். 2 வருடத்துக்கு ஒருமுறை எண்ணெயை முழுதாக மாற்றுங்கள். சக்கர சிலிண்டர் ரப்பர்கள், வளையும் குழாய்கள், லைனிங், ஹேண்ட் பிரேக் ஆகியவற்றையும் அப்போதே பார்த்துவிடலாம். அடுத்து ஸ்டியரிங் மூட்டுகள், டயர்கள். மீள்புதுப்பித்த டயரை முன் சக்கரத்துக்குப் போடாதீர்கள்.

டீசல் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்து இறங்குவது ஆபத்து. பழைய டீசல் ஹைலக்ஸ்களில் பிரேக்குக்கு உதவும் வெற்றிடப் பம்பு ஓல்டர்னேட்டரோடு சுழல்கிறது. எஞ்சின் நின்றால் அந்த உதவியும் சிறிது நேரத்தில் தீர்ந்துவிடும். ஏறும்போது போடும் கியரிலேயே இறங்குங்கள்.

குளிரூட்டல்

ஹைலக்ஸின் 2எல் டீசல் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடானால் சிலிண்டர் ஹெட் வெடிக்கும். ரேடியேட்டரைச் சுத்தம் செய்வதும் குழாய், பெல்ட் மாற்றுவதும் அந்தச் செலவில் சிறு பங்குதான். தெர்மோஸ்டட்டைக் கழற்றி வீசுவது தீர்வாகாது. மலைக் குளிரில் எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல் டீசலைக் குடிக்கும். டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது எனத் தெரியாவிட்டால் உடனே மாற்றுங்கள். அது அறுந்தால் எஞ்சின் முழுதும் செலவு.

பாகங்களும் ஆவணங்களும்

கதவு, கியர்பெட்டி, ஓல்டர்னேட்டர் போன்றவற்றைக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாவித்ததாக வாங்கலாம். கழற்றிய பாகத்தைக் கையோடு கொண்டுபோனால் தவறாது. பிரேக் ரப்பர், குழாய், பெல்ட் புதிதாகவே இருக்கட்டும். எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். வருடாந்த வரி அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் காப்புறுதியும் தேவை. லொறியாகப் பதிவானால் தகுதிச் சான்றிதழும் வேண்டும்.

பெயின்ட், சீட் உறை, பாட்டுப்பெட்டி எல்லாம் அடுத்த போகத்துக் காசுக்குக் காத்திருக்கலாம்.