சாவ் டொக் நகரின் சாப்பாடு: சம்பா முஸ்லிம்களின் வரலாற்றை அடுப்படியில் வாசித்தல்

வியட்நாமின் தென்மேற்கே, கம்போடிய எல்லையை ஒட்டி, சாவ் டொக் என்றோர் ஊர் இருக்கிறது. மீகொங் நதியிலிருந்து பிரிந்து கடலுக்கு ஓடும் ஹாவ் ஆற்றின் கரையில் அமைந்த சந்தை நகரம் இது. கம்போடியர் இதே ஆற்றைப் பாஸாக் என்பார்கள். இந்த ஊருக்குப் போகிறவர்கள் சாப்பிட்டுப் பார்க்க வேண்டியவை என்று சில பண்டங்களின் பெயர்களைப் பயணக் கைநூல்கள் வரிசையாகச் சொல்லும்: மஞ்சள் மீன் ஆணத்தில் மிதக்கும் அரிசி நூடில்ஸ், உப்பில் ஊறிய மீன், நெருப்பில் சுட்ட மாட்டிறைச்சிச் சொசேஜ், பனங்கட்டி போட்ட அப்பம்.

பார்த்தால் வெறும் சாப்பாட்டுப் பட்டியல்தான். ஆனால் அந்தச் சொசேஜுக்கு இருக்கும் பெயர் வியட்நாமிய மொழிப் பெயர் அல்ல. ஆற்றுக்கு அக்கரையில் பள்ளிவாசல்களைச் சுற்றி வாழும் ஒரு முஸ்லிம் சமூகத்தின் மொழியில் உள்ள பெயர் அது. அந்தச் சமூகத்துக்கு இன்று அரசும் இல்லை, ராச்சியமும் இல்லை. ஆனால் அதன் அடுப்படி அணையாமல் இருக்கிறது. அரசாங்கப் பதிவேடுகள் சொல்லாமல் விட்ட பலதை அந்த அடுப்படி சொல்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

அக்கரையில் இருப்பவர்கள் யார்?

சாவ் டொக்கிலிருந்து ஆற்றைக் கடந்தால் சாவ் யாங், டா புவொக் முதலிய கிராமங்கள் வரும். வருடாவருடம் வெள்ளம் வரும் பூமியாதலால் பழைய வீடுகள் உயர்ந்த மரக்கால்களில் நிற்கும். சாரம் கட்டிய ஆண்களும் தலையை மூடிய பெண்களும் பாங்கொலியும் நம்மில் யாரையும் ஒரு கணம் நின்று பார்க்க வைக்கும். இவர்கள் சாம் இனத்தவர்கள். மார்க்கத்தால் சுன்னி முஸ்லிம்கள். நம்மைப் போலவே ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுகிறவர்கள். இந்த மாகாணத்தில் பத்தாயிரத்துச் சொச்சம் பேர்தான் இருக்கிறார்கள்.

இவர்களுடைய மூதாதையரின் நாடு சம்பா. இன்றைய வியட்நாமின் நடுக்கரையோரத்தில் பல நூற்றாண்டுகள் நிலைத்திருந்த கடலோடி ராச்சியம் அது. தென்னிந்தியாவிலிருந்து போன எழுத்தும் சிவ வழிபாடும் அங்கே வேரூன்றியிருந்தன. பின்னர் மலாய் உலகத்தோடு இருந்த வணிகத் தொடர்பின் வழியே இஸ்லாம் பரவியது. வடக்கிலிருந்து இறங்கி வந்த வியட்நாமிய அரசு 1471இல் விஜய என்ற தலைநகரைக் கைப்பற்றியது. எஞ்சியிருந்த பாண்டுரங்கப் பகுதியை 1832இல் மின் மாங் என்ற பேரரசர் தன் ஆட்சிக்குள் இழுத்துக்கொண்டார். சம்பா என்ற பெயர் உலகப் படத்திலிருந்து அத்தோடு மறைந்தது.

ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் ஒரு கூட்டம் கம்போடியாவுக்கு இடம்பெயர்ந்தது. அங்கே மலாய்க்காரரோடு கலந்து முழுமையான முஸ்லிம் சமூகமாக உருவானது. 17ஆம் நூற்றாண்டில் கம்போடிய மன்னர் ஒருவரே இஸ்லாத்தைத் தழுவி இப்ராஹீம் என்று பெயர் வைத்துக்கொள்ளும் அளவுக்கு அவர்களுடைய செல்வாக்கு இருந்தது. அங்கிருந்து 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் எல்லை தாண்டி வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்களே சாவ் டொக் சாம்கள். 1819 முதல் 1824 வரை வெட்டப்பட்ட வின் தே கால்வாய் இந்த எல்லையோரமாகத்தான் ஓடுகிறது. அதை வெட்டிய கூலிகளில் வியட்நாமியர், கெமர்கள், சாம்கள் என்று எல்லாரும் இருந்தார்கள்.

ஆக, இந்த ஊரில் நான்கு சனங்கள் சேர்ந்து வாழ்கிறார்கள்: வியட்நாமியர், கெமர்கள், சீனர், சாம்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு சாப்பாட்டுக்கு வருவோம்.

மஞ்சள் ஆணமும் உப்பு மீனும்

சாவ் டொக்கின் காலைச் சாப்பாடு ‘பூன் கா’. ‘பூன்’ என்பது அரிசிமாவில் பிழிந்த நூடில்ஸ். பார்வைக்கு நம்மட இடியப்ப இழைதான். ‘கா’ என்றால் மீன். அந்த மீன் நமக்குத் தெரியாத மீனல்ல. குளத்திலும் வயலிலும் பிடிபடும் விரால். அதை அவித்து, முள் நீக்கி, மஞ்சளில் பிரட்டி வதக்கி, தெளிந்த ஆணத்தில் போடுவார்கள். வியட்நாமின் ஏனைய மீன் நூடில்ஸ்களிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது இந்த மஞ்சள் நிறமும், இஞ்சி இனத்தைச் சேர்ந்த ஒரு கிழங்கின் வாசமும்தான். இவை இரண்டும் கெமர் சமையலிலிருந்து வந்தவை. வெள்ளக் காலமான ஆகஸ்ட் முதல் நவம்பர் வரையில் நீரோரத்தில் பூக்கும், அகத்தி இனத்து மஞ்சட்பூவையும் பச்சையாகப் பறித்து மேலே தூவுவார்கள்.

முஸ்லிம் பயணி ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த ஊரில் பூன் கா கோப்பையின் மேல் மொறுமொறுப்பாகச் சுட்ட பன்றி இறைச்சித் துண்டுகளை வைத்துக் கொடுப்பது வழக்கம். மீன் சாப்பாடுதானே என்று யோசியாமல் உட்கார்ந்துவிடக் கூடாது. தென் வியட்நாமில் பன்றிக்கு ‘ஹேயோ’ என்று சொல்வார்கள். இந்த ஒரு சொல்லைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அடுத்தது ‘மாம்’, அதாவது உப்பிட்டு நொதிக்க வைத்த மீன். சாவ் டொக் சந்தையில் பெரிய பெரிய தட்டங்களில் குவித்து வைத்திருப்பார்கள். வெள்ளத்தோடு அள்ள அள்ளக் குறையாமல் வரும் மீனை வறண்ட மாதங்களுக்கு எடுத்து வைக்க வேண்டிய தேவையில் பிறந்த தொழில் இது. மீனை உப்பில் போட்டு, வறுத்து இடித்த அரிசிமாவைத் தூவி, மாதக்கணக்கில் ஊறவிட்டு, பிறகு பனங்கட்டிப் பாகில் பிரட்டுவார்கள். இதில் கெமர்களின் அனுபவமும் வியட்நாமியரின் கைப்பக்குவமும் கலந்திருக்கின்றன. வாசனை முதலில் ஆளைப் பின்னுக்குத் தள்ளும். கருவாட்டுக்குப் பழகிய நமக்கு அது பெரிய விசயமாகத் தெரியாது.

ஒரு சொல்லின் உள்ளே

இப்போது அந்தச் சொசேஜுக்கு வருவோம். அதன் பெயர் ‘துங் லோ மோ’. சாம் மொழியில் ‘துங்’ என்றால் வயிறு, குடல். ‘லமௌ’ என்றால் மாடு. வியட்நாமியர் வாயில் அது ‘லோ மோ’ ஆகிவிட்டது. சாம் மொழி மலாய் மொழியின் உறவுக்காரி. மலாயில் மாட்டுக்கு ‘லெம்பு’ என்பதை நினைத்தால் ‘லமௌ’ எங்கே சேரும் என்பது விளங்கும். நம் நாட்டு மலாய்ச் சகோதரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

செய்முறை இதுதான். மாட்டிறைச்சியையும் கொஞ்சம் கொழுப்பையும் பொடியாக வெட்டி, வெள்ளைப்பூடும் மிளகும் வேறு மசாலாக்களும் சேர்த்து, ஆறிப் புளித்த சோற்றையும் பிசைந்து, நன்றாகக் கழுவிய மாட்டுக் குடலில் அடைப்பார்கள். சிறு சிறு துண்டுகளாகக் கட்டி, சில நாட்கள் வெயிலில் காயவிடுவார்கள். சோறு உள்ளே புளித்து இறைச்சிக்கு ஒரு புளிப்பு ஏறும். பிறகு கரி நெருப்பில் சுட்டுச் சாப்பிடுவது.

சீனரும் வியட்நாமியரும் பன்றி இறைச்சியில் செய்யும் ‘லாப் ஸுவோங்’ என்ற சொசேஜும் இதே உருவம்தான். கயிற்றில் தொங்கும்போது இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. அதனால் வியட்நாமியர் இதை ‘மாட்டு லாப் ஸுவோங்’ என்றும் சொல்வார்கள். உருவம் பக்கத்து வீட்டிலும் உண்டு. உள்ளே இருப்பது வேறு. ஒரு சிறுபான்மை எப்படித் தன்னை வைத்துக்கொள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணத்தைத் தேட வேண்டியதில்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. சம்பாவின் பழைய நிலத்தில், நடுக்கரையோரத்தில், இன்றும் சாம்கள் வாழ்கிறார்கள். அவர்களில் பிராமணிய மரபைச் சேர்ந்தவர்கள் மாட்டிறைச்சியை விலக்குகிறார்கள். இஸ்லாமியச் சாயலுள்ள பானி என்ற பிரிவினர் பன்றி இறைச்சியை விலக்குகிறார்கள். ஒரே சனம், ஒரே மொழி. ஆனால் யார் எந்தப் பக்கம் என்பதை இறைச்சியே சொல்லிவிடும். துங் லோ மோ மீகொங் கரைச் சாம்களின் அடையாளமாக நிற்பதன் காரணம் இங்கேதான் இருக்கிறது.

பெருநாள் சோறும் கறி என்ற சொல்லும்

கலியாண வீட்டிலும் பெருநாளிலும் சாம்கள் சமைப்பது ‘கொம் நி’யும் ‘கா புவா’வும். கொம் நி என்பது பாலும் வெண்ணெயும் மசாலாவும் சேர்த்து, முந்திரிகை வற்றல் போட்டு ஆக்கும் சோறு. நம்மட நெய்ச்சோற்றுக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். கா புவா என்பது தேங்காய்ப்பாலில் நீண்ட நேரம் வேக வைத்து வற்ற விட்ட மாட்டிறைச்சிக் கறி. நோன்புப் பெருநாளையும் ஹஜ்ஜுப் பெருநாளையும் அவர்கள் ‘ரோயா’ என்கிறார்கள். மலாய்க்காரரின் ‘ராயா’தான் அது. சோறும் கறியும் பெருநாளின் பெயரும் ஒரே கடல்வழியைக் காட்டுகின்றன.

தமிழ் படிப்பிக்கிறவன் என்ற முறையில் எனக்கு இங்கே நிற்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. தென் வியட்நாமில் மசாலா போட்ட இந்த வகைக் குழம்புக்கு ‘கா ரி’ என்று பெயர். உலகம் சுற்றிய நம்முடைய ‘கறி’தான் அது. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் காரைக்கால், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து தமிழ் முஸ்லிம்கள் வியாபாரத்துக்காகச் சைகோனுக்குப் போனார்கள். அந்நகரின் நடுவில், டொங் யூ வீதியில், 1935இல் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டிய பள்ளிவாசல் இன்றும் தொழுகைக்குத் திறந்திருக்கிறது. சாவ் டொக்குக்குப் போகிற நம் பயணிகள் முதலில் இறங்குவது பெரும்பாலும் அந்த நகரத்தில்தான்.

கடைசியாக இனிப்பு. சாவ் டொக்கைச் சுற்றியுள்ள கெமர் ஊர்களில் பனைமரம் கூட்டம் கூட்டமாக நிற்கும். பெயர் ‘தொத் நொத்’. கெமர் மொழியிலிருந்து வந்த சொல். நமது பனையேதான். பதநீரைக் காய்ச்சிப் பனங்கட்டி வார்க்கிறார்கள். அரிசிமாவில் அந்தப் பனங்கட்டியும் பழுத்த பனம்பழத்தின் களியும் சேர்த்துப் புளிக்க வைத்து அவித்தால் ‘பான் போ தொத் நொத்’. மஞ்சளாக, பொங்கி, துளைத் துளையாக இருக்கும், மேலே தேங்காய்ப்பூ. மரம் ஏறுகிறவர் கெமர், வாங்கித் தின்கிறவர் எல்லாரும். நான்கு சனங்களும் தயக்கமின்றிக் கைநீட்டும் பண்டம் இது.

தட்டில் வந்த சோதனை

இவ்வளவு இனிமையாகச் சொல்லிவிட்டு நிறுத்த முடியாது. இந்தச் சனத்தின் வரலாற்றில் சாப்பாடு இரண்டு தடவை தண்டனையாக்கப்பட்டது.

முதலாவது, சம்பாவின் கடைசி நிலம் பறிபோன பிறகு. 1833இல் கிளந்தானில் மார்க்கம் படித்துத் திரும்பிய காத்திப் சுமா என்ற அறிஞரின் தலைமையில் கிளர்ச்சி எழுந்தது. மின் மாங்கின் அதிகாரிகள் அக்காலத்தில் சாம் முஸ்லிம்களுக்குப் பன்றி இறைச்சியையும், மாட்டை விலக்கிய சாம்களுக்கு மாட்டிறைச்சியையும் வலுக்கட்டாயமாகத் தின்னக் கொடுத்தார்கள் என்பதை வரலாற்றாய்வாளர்கள் பதிந்திருக்கிறார்கள். நிலத்தைப் பிடித்தவர்களுக்கு அது போதவில்லை. உள்ளே இருந்த ஆளையும் மாற்ற வேண்டியிருந்தது.

இரண்டாவது, நமது காலத்தில். 1975 முதல் 1979 தொடக்கம் வரை கம்போடியாவை ஆண்ட கெமர் ரூஜ் தொழுகையைத் தடுத்தது, குர்ஆனை எரித்தது, சாம்களைப் பன்றி இறைச்சி தின்னச் சொல்லி நிர்ப்பந்தித்தது. மறுத்தவர்கள் கொல்லப்பட்டார்கள். உயிரோடு மிஞ்சியவர்கள் இதை நீதிமன்றத்தில் சாட்சியமாகச் சொன்னார்கள். ஐ.நா. ஆதரவோடு இயங்கிய விசேட தீர்ப்பாயம் 2018 நவம்பரில், அந்த ஆட்சியின் இரண்டாம் நிலைத் தலைவரான நுவொன் சியாவை சாம் மக்களின் இனப்படுகொலைக்காகவும் குற்றவாளியாகக் கண்டது. சாவ் டொக்கிலிருந்து எல்லை கூப்பிடு தூரம். எல்லைக்கு இந்தப் பக்கம் துங் லோ மோ வெயிலில் காய்ந்த அதே வருடங்களில், அந்தப் பக்கம் இவர்களுடைய சொந்தக்காரருக்கு நடந்தது இது.

அடுப்படி சொல்வது

ஹலால் என்பதை வெறும் விலக்கலாக, பக்கத்து வீட்டாரோடு நாம் எழுப்பும் மதிலாகப் பார்க்கிறவர்கள் உண்டு. வெளியில் இருந்தும் உண்டு, நம்மட ஆக்களிலும் உண்டு. சாவ் டொக் சாம்களின் சமையல் அப்படிச் சொல்லவில்லை. அயலவரின் மஞ்சளையும், மீன் பக்குவத்தையும், பனங்கட்டியையும் அவர்கள் மனம் நிறைந்து எடுத்தார்கள். எடுக்கக் கூடாததை மட்டும் எடுக்கவில்லை. கொடுக்கவும் செய்தார்கள். இன்று வியட்நாமிய உணவகங்களில் துங் லோ மோவை விரும்பி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் அல்லாதவர்கள். ‘லமௌ’ என்ற சாம் சொல்லின் பொருள் தெரியாமலே அதைத் தினமும் உச்சரிக்கிறார்கள். ராச்சியத்தை இழந்த ஒரு மொழி, வென்றவர்களின் நாக்கில் இப்படி உயிர் வாழ்கிறது.

உறுதியாக நிற்பதும் கலந்து வாழ்வதும் ஒன்றுக்கொன்று எதிர் என்று நினைக்கத் தேவையில்லை. இரண்டு தடவை தட்டை வைத்தே மிரட்டப்பட்ட சனம், பிறகும் அயலவருக்குத் தன் தட்டை நீட்டுகிறது.

அந்தப் பக்கம் போகக் கிடைத்தால், சந்தையோடு திரும்பி வந்துவிடாதீர்கள். ஆற்றைக் கடந்து சாவ் யாங்கில் லுஹர் தொழுதுவிட்டு, பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் கரியடுப்புப் புகையும் இடத்தில் ஒரு துங் லோ மோ வாங்குங்கள். ஸலாம் சொன்னால் பதில் வரும். அதற்குப் பிறகு, அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டுப் பாருங்கள்.