தாம்பரம் சானடோரியமும் ஒரு பூஞ்சை நோயும்

பெண்ணாடத்திலிருந்து சென்னைக்குத் தொடர்வண்டியில் செல்லும் நம்மவர், தாம்பரத்தைக் கடந்ததும் 'தாம்பரம் சானடோரியம்' என்னும் நிலையப் பலகையைக் கண்டிருப்பர். காசநோயாளிகளுக்கென மருத்துவர் சௌரி முத்து 1928இல் நிறுவிய மருத்துவமனையே அப்பெயருக்குக் காரணம். 1937இல் அது அரசின் வசமாயிற்று. அதன் பிற்கால வரலாற்றையே ஈண்டு நாம் பேச விழைகிறோம்.

1981 ஜூன் மாதம், லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஐந்து இளைஞர்களுக்கு அரியதொரு நுரையீரல் அழற்சி கண்டதாக அறிக்கை வெளிவந்தது. நியூமோசிஸ்டிஸ் என்னும் நுண்ணுயிர் விளைத்த நோய் அது. நலமுள்ள உடலில் அவ்வுயிர் அடங்கிக் கிடக்கும். எதிர்ப்பாற்றல் குன்றிய உடலிலோ மூச்சையே அடைத்துவிடும். எய்ட்ஸ் நோயை உலகம் முதலில் அறிந்தது இவ்வாறுதான். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவி நிர்மலாவும் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை வெளிக்கொணர்ந்தனர்.

1990களில் இந்நோயாளிகள் தாம்பரத்தை நாடி வந்தனர். காய்ச்சல், இருமல், மெலிவு என வந்தவர்க்குக் காசமா, பூஞ்சையா என்று பிரித்தறிவது எளிதன்று. பூஞ்சை நோயில் இருமல் பெரும்பாலும் வறண்டதாதலின் சோதிக்கச் சளியும் கிட்டாது. காசத்திற்குரிய மருந்தோ இதற்கு உதவாது. தாமதம் உயிரைக் கவரும்.

நெடுங்காலம் ஓரணு விலங்காகக் கருதப்பெற்ற நியூமோசிஸ்டிஸ், பூஞ்சை இனமே என்று 1988இல் மரபணு ஆய்வு காட்டிற்று. எனினும் ஆம்போடெரிசின் முதலிய பூஞ்சைக்கொல்லிகள் இதனிடம் பலிப்பதில்லை. அவை தாக்கும் எர்கோஸ்டெரால் என்னும் கொழுப்பு இதன் உறையில் இல்லாமையே காரணம். பாக்டீரியாவுக்கென ஆக்கப்பெற்ற கோட்ரைமாக்சசோல் என்னும் மலிவான மாத்திரையே இதனை வென்றது. எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு இச்சிகிச்சை 21 நாள்; மூச்சுத்திணறல் கடுமையாயின் ஸ்டீராய்டும் சேரும். சி.டி.4 அணுக்கள் 200க்குக் கீழே இறங்கியவர்க்கு அதே மாத்திரை தடுப்பு மருந்துமாகும்.

ஆயினும் எதிர்ப்பாற்றல் மீளாதவரை நோய் திரும்பும் அச்சமும் நீங்காது. 2004 ஏப்ரல் 1 அன்று அரசு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியபோது, தாம்பரமும் அதன் முதல் மையங்களுள் ஒன்றாயிற்று. எதிர்ப்பாற்றலையே மீட்டுத் தந்த மருந்து அது.

இன்று உறுப்பு மாற்றம் பெற்றோர், புற்றுநோய்ச் சிகிச்சையில் உள்ளோர், ஸ்டீராய்டை நெடுநாள் உண்போர் ஆகியோரையும் இப்பூஞ்சை தாக்கக்கூடும். அத்தகையோர்க்கு வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் கண்டால், காசம் என்று மட்டும் எண்ணி நாம் காலங்கடத்தலாகாது.