குறட்டை: சிரிப்பிலிருந்து சிகிச்சை வரை

குறட்டை என்றதும் நமக்குச் சிரிப்புதான் வருகிறது. சினிமாவில் காமெடி வேண்டுமென்றால் ஒருவரைப் படுக்க வைத்துக் குறட்டை விட வைத்தால் போதும். நம் கோவைப் பக்கத்து வீடுகளில், "அப்பாரு குறட்டை விட்டா ஆசாரத்துல ஒருத்தரும் தூங்க முடியாதுங்க" என்று கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொல்வார்கள். நன்றாகக் குறட்டை விடுகிறவர் நன்றாகத் தூங்குகிறார் என்பது நம் நம்பிக்கை. அது எவ்வளவு தவறு என்பதை மருத்துவ உலகமே மிகத் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டது. அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் நோயைப் பற்றிச் சுருக்கமாக. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளரும். சிலருக்கு நாக்கின் அடிப்பகுதியும் உள்நாக்குப் பகுதியும் பின்னால் சரிந்து மூச்சுப் பாதையை அடைத்துவிடும். மார்பு மூச்சிழுக்க முயன்றுகொண்டே இருக்கும், காற்று மட்டும் உள்ளே போகாது. பத்து விநாடி, இருபது விநாடி, சிலருக்கு ஒரு நிமிடம்கூட இப்படி நிற்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்ததும் மூளை ஆளை அரைகுறையாக எழுப்பும். பெரிய செருமலோடு மூச்சு திரும்பும், உடனே மறுபடி தூக்கம். காலையில் எதுவும் நினைவிருக்காது. மணிக்கு 5 முறைக்கு மேல் நின்றால் கவனிக்க வேண்டும். 30 முறைக்கு மேல் என்றால் தீவிரம். இதற்குப் பெயர்தான் ஸ்லீப் அப்னியா.

இந்த நோயாளியை முதலில் நமக்குக் காட்டியவர் டாக்டர் அல்ல, நாவலாசிரியர்! சார்லஸ் டிக்கன்ஸ் 1836-37ல் தொடராக எழுதிய 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் ஜோ என்ற குண்டுப் பையன் வருகிறான். வேலைக்கு நடுவிலும் தூங்கி விழுவான், குறட்டை விடுவான். வாசகர்கள் சிரித்தார்கள். அவன் நோயாளியாக இருக்கலாம் என்று பெரும்பாலோர் நினைக்கவில்லை.

1956ல் அமெரிக்காவில் பர்வெல் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். வயது 51, எடை 119 கிலோவுக்கும் மேல், தொழில் நிர்வாகி. சீட்டாட்டத்தில் ஜெயிக்கிற சீட்டுகள் கைக்கு வந்தும் அப்படியே தூங்கிப்போனார். பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்! மருத்துவர்கள் இதற்கு டிக்கன்ஸ் நாவலின் பெயரையே சூட்டினார்கள். ஆனால் உடல் பருமனால் மூச்சு குறைந்து, ரத்தத்தில் கரியமில வாயு சேர்ந்து தூக்கம் வருகிறது என்றுதான் கருதினார்கள். இரவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் விடை கிடைத்திருக்கும்.

அந்த வேலையை 1965ல் பிரான்சில் காஸ்டோவும், ஜெர்மனியில் யுங், கூலோ ஆகியோரும் செய்தார்கள். மூளை அலைகளையும் மூச்சையும் இரவில் ஒன்றாகப் பதிவு செய்தபோது, மூச்சு திரும்பத் திரும்ப நிற்பது தெரிந்தது. பகல் தூக்கம் சோம்பேறித்தனம் அல்ல, இரவெல்லாம் தூங்காததன் விளைவு என்று புரிந்தது. 1976ல் ஸ்டான்ஃபோர்டில் கிய்மினோவும் அவருடைய சகாக்களும் இன்று நாம் சொல்லும் பெயரில் நோயை வரையறுத்தார்கள்.

அப்போது இருந்த உறுதியான சிகிச்சை, கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்துவது. யார்தான் சம்மதிப்பார்கள்? சிட்னியில் காலின் சல்லிவன் வேறு வழி தேடினார். தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரைக் கொண்டு, காற்றை உறிஞ்சாமல் மூக்கு வழியே மெல்ல உள்ளே செலுத்தினார். காற்றழுத்தம் தொண்டையை மூடவிடாமல் திறந்தே வைத்தது. 1981ல் 'லான்செட்' இதழில் வெளியான இந்த 'சீபேப்' முறைதான் இன்றும் முதன்மையான சிகிச்சை.

இந்தியாவில் இது பணக்காரர்களின் நோய், குண்டானவர்களின் நோய் என்று பலகாலம் நினைத்தார்கள். மும்பையில் டாக்டர் உத்வாடியாவின் குழு 2004ல் வெளியிட்ட ஆய்வு, நடுத்தர வயது ஆண்களில் 7.5 சதவீதம் பேருக்குப் பகல் தூக்கத்தோடு கூடிய இந்த நோய் இருப்பதைக் காட்டியது. பருமன் முக்கியக் காரணம்தான். ஆனால் சிறிய தாடை, தடித்த கழுத்து, மது, குழந்தைகளுக்கு வீங்கிய டான்சில் என்று வேறு காரணங்களும் உண்டு. ஒல்லியானவருக்கும் வரும்.

விளைவுகள் சாதாரணமல்ல. ரத்த அழுத்தம், இதய நோய், பக்கவாதம், சர்க்கரை எல்லாவற்றோடும் இதற்குத் தொடர்பு உண்டு. 2022 பிப்ரவரியில் இசையமைப்பாளர் பப்பி லஹிரி மறைந்தபோது, மருத்துவர்கள் சொன்ன காரணம் இந்த நோய்தான். நாட்டில் பலர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே அன்றுதான்.

கொங்கு நாட்டுக்கு இதில் தனி அக்கறை வேண்டும். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று லாரிகளையும் ரிக் வண்டிகளையும் நம்பி வாழும் ஊர்கள் நம்முடையவை. சிகிச்சை பெறாத நோயாளி வண்டி ஓட்டினால் விபத்துக்கான வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. பிரிட்டனில், பகல் தூக்கத்தோடு இந்த நோய் கடுமையாக இருப்பவர் உரிமம் தரும் அலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். நாமோ விபத்து நடந்ததும் "டிரைவர் தூங்கிட்டான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். ஏன் தூங்கினார் என்று கேட்பதில்லை.

சிகிச்சை இருக்கிறது நண்பர்களே. எடை குறைப்பது, ஒருக்களித்துப் படுப்பது, படுக்கும் முன் மதுவைத் தவிர்ப்பது, சீபேப், தாடையை முன்னே நிறுத்தும் பல் கருவி, தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை. பருமனானவர்களுக்கு 2024 டிசம்பரில் அமெரிக்கா டிர்செபடைட் மருந்தையும் அனுமதித்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் நோயைக் கண்டுபிடிக்க வேண்டுமே? அதை நோயாளியால் செய்ய முடியாது, அவர் தூங்கிக்கொண்டிருக்கிறார்! பக்கத்தில் படுப்பவர்தான் கவனிக்க வேண்டும்.

ஓட்டுநர்களுக்குக் கண் பரிசோதனை முகாம் நடத்துகிறோம். அதே முகாமில் இன்னும் இரண்டு கேள்விகள் கேட்கலாம்: "குறட்டை விடுவீங்களா? பகல்ல தூக்கம் தள்ளுதுங்களா?" இதற்குச் செலவு எதுவும் இல்லை. இன்று இரவு உங்கள் வீட்டில் குறட்டைச் சத்தம் திடீரென்று நின்றால், நிம்மதி என்று திரும்பிப் படுக்காதீர்கள். எழுந்து ஒருமுறை பாருங்கள்.